ஒரு சைக்கிளுக்கு ஒரு பாதை

கண்டியில், மஹய்யாவ இறக்கத்தில் றஞ்சனா மிஸ் பிரேக்கிலிருந்து கையை எடுப்பதே இல்லை. பஸ்கள் தோளை உரசுவது போலக் கடந்து போனாலும் அந்தப் பிடி தளராது. சேலைத் தலைப்பு இடுப்பில் சொருகியிருக்கும். கீழ்க்கரை செயினில் அகப்படாமலிருக்க, உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றால் கணுக்காலுக்கு மேலே கவ்வியிருப்பார். முன்கூடைக்குள் சாப்பாட்டுப் பெட்டியும் குடையும், மழை வந்தால் சீற்றை மூட ஒரு பொலித்தீன் பையும் கிடக்கும். மிதிபலகையில் தொங்கும் கண்டக்டர்கள், சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக்கொள்வதாகச் சிங்களத்தில் கேலியாகக் கூப்பிடுவார்கள். அவரும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், நாளைக்குப் பார்ப்போம் என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டுப் போவார்.

காலையில் நகரத்துக்கு இறக்கம், மாலையில் வீட்டுக்கு ஏற்றம். வரும்போது ஓடி வருகிறவர், போகும்போது தள்ளிக்கொண்டு போவார். ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். "பாதி வழி நான் அதில வாறன், பாதி வழி அது என்னோட வருது. ரெண்டு பேருக்கும் நட்டமில்லை" என்றார்.

கண்டியில் சேலை உடுத்துச் சைக்கிள் ஓடும் வேறொரு பெண்ணை நான் பார்த்ததில்லை. றஞ்சனா பிறந்தது வடக்கே கொக்குவிலில். அங்கே பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் பெண்கள் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரசாங்க மொழிபெயர்ப்பாளராகக் கண்டிக்கு இடமாற்றம் கிடைத்தபோது, கட்டில் மேசைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுச் சைக்கிளை மட்டும் லொறியில் ஏற்றி வந்தார். மஹய்யாவவில் வாடகைக்கு அறை கொடுத்த வீட்டுக்காரம்மா அதைப் பார்த்து, "ஐயா பின்னாடி வர்றாரா?" என்று கேட்டாராம். "ஐயா போய்ச் சேர்ந்து கன காலம். இது நான் ஓடுற சைக்கிள்" என்று சொல்லிக்கொண்டே அதை முற்றத்தில் சாத்தியிருக்கிறார்.

வேலை இதுதான். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகள் தமிழாகப் போகும். தமிழில் வரும் விண்ணப்பங்கள் சிங்களமாகப் போகும். இரண்டு பக்கத்துக் கோபங்களும் மன்றாட்டங்களும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். "மற்ற ஆக்கள் நினைச்சதை அவை நினைச்ச மாதிரியே சொல்லிக் குடுக்கிறதுதான் என்ர வேலை. நான் நினைச்சதைச் சொல்லுறதுக்கு ஒருத்தரும் சம்பளம் தாறேல்லை" என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பும் இருக்காது, குறையும் இருக்காது.

வீதியில் தள்ளிக்கொண்டு போகும்போது பெயர்ப்பலகைகளை வாய்விட்டு வாசிப்பது அவருடைய பழக்கம். தமிழ் எழுத்துப் பிழையாக இருந்தால் சைக்கிளை நிறுத்திக் கடைக்குள் போய்ச் சொல்லுவார். கோபிப்பதில்லை, சட்டையில் நூல் தொங்குகிறது என்று சொல்வது போலச் சொல்லுவார். எங்கள் அச்சகத்துப் பலகையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்ததைச் சொல்ல வந்தபோதுதான் எனக்கு அவர் பழக்கமானார்.

அலுவலகத்தில் சைக்கிள் விட இடமில்லை. அதனால் எங்கள் வீதியில், அச்சகத்துக்கு நேரெதிரே இருக்கும் இப்திகாரின் புடவைக்கடைச் சந்தில்தான் பல வருடங்களாக அதை விடுவார். இப்திகார் திரைச்சீலைத் துணியும் மெத்தையும் விற்பவர். காலையில் மிஸ்ஸின் சைக்கிள் மணி கேட்டால், சந்தின் கம்பிக் கதவைத் தானே வந்து திறப்பார். பால் விடாத ஒரு பிளேன்டியும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வரும். மிஸ் நின்றபடியே குடித்துவிட்டு, கணுக்கால் கிளிப்பைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, அதே பக்கத்து நடைபாதையில் மேலே இருக்கும் அலுவலகத்துக்கு நடப்பார்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில் அவருக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. சைக்கிள் வாங்கியவர்களெல்லாம் எந்தப் பிரேக்கை முதலில் பிடிப்பது என்று அவரிடம் கேட்டார்கள். பெற்றோல் வந்ததும் அந்தச் சைக்கிள்கள் படிக்குக் கீழே போய்விட்டன. விடாமல் ஓடிய சில இளைஞர்கள் மட்டும் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் செயலாளர் மோகனராஜ், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவர். நகரத்துக்குள் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று அவர்கள் எழுதி எழுதிக் கேட்டதில், சென்ற வருடம் மாநகர சபையிலிருந்து எங்கள் வீதிக்கு ஒரு யோசனை வந்தது.

இப்திகாரின் கடை இருக்கும் பக்கத்தில் வாகனம் நிறுத்த முடியாது. அந்த இடம் சைக்கிள் பாதையாகும். பஸ் நிலையப் பக்கமிருந்து ஏறி வரும் சனம் முண்டியடித்துக் கடக்கும் இடத்தில், வாகனங்கள் வேகம் குறைக்கும்படி மேடாக உயர்த்திய பாதசாரிக் கடவை ஒன்று வரும். அந்த வாரம் எங்கள் அச்சகத்துக்கு நல்ல வேலை. வேண்டும் என்ற துண்டுப்பிரசுரமும் வேண்டாம் என்ற துண்டுப்பிரசுரமும் ஒரே மெஷினில் ஓடின.

வேண்டாம் என்றவர்களுக்கு முன்னால் நின்றவர் இப்திகார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திகனவிலிருந்தும் குண்டசாலையிலிருந்தும் வேனில் வந்துதான் மெத்தை வாங்குகிறார்கள். வேனை நிறுத்த முடியாவிட்டால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வார்கள். கடைக்காரர்கள் சேர்ந்து சபைக்கு மனுக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். மனு சிங்களத்தில் இருக்க வேண்டும். இப்திகார் பிளேன்டியை நீட்டியபடியே மிஸ்ஸிடம் கேட்டார்.

"மிஸ், சிங்களம் பேசச் சொன்னா பகல் முழுக்கப் பேசுவேன். எழுத மட்டும் ஏலா. நீங்கதான் எழுதித் தரணும்."

அந்த வீதியில் தினமும் சைக்கிள் ஓடும் ஒரே ஆளிடம் அந்த மனுவைக் கேட்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மிஸ் கருப்பட்டியை மென்று முடித்தார்.

"நீங்கள் சொல்லுறதை நீங்கள் சொல்லுற மாதிரியே எழுதித் தாறன். ஆனா கூட்டத்தில நான் என்ர கதையைத்தான் கதைப்பன். அதுக்குப் பிறகு கோவிக்கக் கூடாது."

இப்திகார் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். மிஸ் கூட்டத்தில் எழுந்து கதைக்கக்கூடிய ஆள் என்று அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

பொதுக்கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மிஸ்ஸும் நானும் பின்வரிசையில் இருந்தோம். தலைமை தாங்கிய அதிகாரி கடைக்காரர்களின் மனுவை வாசித்தார். வாசிக்க வாசிக்க மண்டபம் அமைதியானது. ஒரு சிறு கடைக்காரன் காலையில் கதவைத் திறந்துவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பது அதில் அப்படியே வந்திருந்தது. இவ்வளவு நல்ல சிங்களத்தில் யார் எழுதியது என்று அதிகாரி கேட்டார். இப்திகார் பெருமையோடு எழுந்து, பின்வரிசையைக் காட்டி, மிஸ்தான் என்றார். சைக்கிள் சங்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மோகனராஜின் முகம் சுண்டிப் போனது.

றஞ்சனா மிஸ் எழுந்தார். குடையைக் கதிரையில் வைத்துவிட்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு சிங்களத்தில் பேசினார். மனுவை எழுதியது தான்தான், அதில் இருப்பதெல்லாம் அந்தக் கடைக்காரர்களுக்கு உண்மை, இனித் தனக்கு உண்மையானதைச் சொல்கிறேன் என்று தொடங்கினார். போன மழைக்காலத்தில் ஒரு காலை, இதே வீதியில், நிறுத்தியிருந்த வேனுக்கும் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸுக்கும் நடுவே வந்துகொண்டிருந்தாராம். வேனின் கதவு திடீரென்று திறந்தது. அவர் பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தார். சாரதி பிரேக் போட்டதால்தான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறார். விழுந்து கிடந்தபோது பஸ்ஸின் முன்சில்லு டயரில் ஒட்டியிருந்த சேறு காய்ந்ததா ஈரமா என்று கூடத் தெரிந்தது என்றார். அது ஈரம். அத்தோடு உட்கார்ந்தார்.

வேன் யாருடையது, எந்தக் கடைக்கு முன்னால் நின்றது என்று அவர் சொல்லவில்லை. இப்திகாருக்குச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. முழங்கையில் இரத்தம் வழிய மிஸ் கடைக்கு வந்த அந்தக் காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி மருந்து கட்டியவர் அவர்தான். மழையில் வழுக்கிவிட்டது என்றுதான் மிஸ் அன்றைக்குச் சொல்லியிருந்தார்.

 கூட்டம் முடிந்து படியிறங்கும்போது இப்திகார், யாரையும் பார்க்காமல், ஒரு சைக்கிளுக்கு ஒரு பாதையாம் என்றார். கடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சில வாரம் பரீட்சித்துப் பார்ப்பது என்று சபை முடிவெடுத்தபோது, வீதி முழுவதும் அந்தப் பேச்சுத்தான்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை சந்தின் கம்பிக் கதவு திறந்தே இருந்தது. ஆனால் மிஸ் மணி அடிக்கவில்லை. சைக்கிளை நேரே மேலே கொண்டுபோய், அலுவலக வாசலுக்கு வெளியே விளக்குக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார். அன்றைக்குப் பின்னேரம் நல்ல மழை. பொலித்தீன் பை மூடிய சீற்றோடு அது நனைந்துகொண்டிருந்ததை நானும் பார்த்தேன், எதிரே இப்திகாரும் பார்த்தார்.

செம்மஞ்சள் கூம்புகள் அடுக்கப்பட்டுப் பாதை திறந்தது. கடவைக்கு வெள்ளைக்கோடும் பூசினார்கள். சங்கத்துப் பிள்ளைகள் முதல்நாள் கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு வேலை நாட்களில் அந்தப் பாதையில் சைக்கிள் என்று ஓடியது பெரும்பாலும் றஞ்சனா மிஸ்ஸுடையதுதான். இரண்டு பக்கக் கடைகளிலிருந்தும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கு அது கூச்சமாக இருந்தது என்பது ஓட்டத்திலேயே தெரிந்தது. முன்பு பஸ்களுக்கு நடுவே நிமிர்ந்து வந்தவர், வெறும் பாதையில் தலை குனிந்து வந்தார்.

பிறகு, சில நாட்களில், அவர் அந்தப் பாதையில் ஓடுவதையும் விட்டுவிட்டார். வீதியின் தொடக்கத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். ஏற்றம் அவ்வளவு இல்லையே என்று எதிர்ப்பக்கம் போய் மறித்துக் கேட்டேன்.

"பாதையில ஆக்கள் நடக்கினம். நீங்கள் பார்க்கேல்லையா?"

அதற்குப் பிறகுதான் நான் பார்த்தேன். நடைபாதை முழுக்கத் தெருவோர அங்காடிகளும் கடைகள் வெளியே வைத்த பொருட்களும். அதுவரை அந்தப் பொருட்களுக்கும் வாகனங்களுக்கும் நடுவே நெளிந்து போன சனம், இப்போது கூம்புகளுக்கு உள்ளே நிம்மதியாக நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நிறைமாதப் பெண், கையில் மருந்துத் துண்டோடு கிளினிக்கிலிருந்து வரும் கிழவர், ஊன்றுகோல்காரர், பிள்ளையைத் தோளில் போட்ட தாய். அவர்களுக்குப் பின்னால், மணி அடிக்காமல், அவர்களுடைய வேகத்திலேயே மிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மணி அடித்தால் பயந்து ரோட்டுக்குள் இறங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

இதற்கிடையில் இப்திகாரின் கடை தளர்ந்தது. மெத்தை விற்பனை பாதியாகிவிட்டது என்று அவர் சொன்னதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் வேன்கள் வரவில்லை என்பது உண்மை. கடையில் வேலை செய்யும் சஞ்சீவனியை அரைநாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். சஞ்சீவனி மஹய்யாவவில் மிஸ்ஸின் பக்கத்து வீடு. தாய் படுக்கையில் கிடக்கிற குடும்பம். பகல் பதினொன்றுக்கெல்லாம் அந்தப் பிள்ளை வீட்டு வாசலில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்ததை ஒரு விடுமுறை நாளில் மிஸ் கண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டபோது, "சும்மாதான் டீச்சர், கடையில வேலை கொறைவு" என்று மட்டும் அவள் சொன்னாளாம். அவளுக்கு மிஸ் என்றால் டீச்சர்தான். பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம் என்று மிஸ் பிறகு என்னிடம் வருத்தப்பட்டார்.

அடுத்த வேலைநாள் காலையில் இப்திகாரின் கடைக்கு முன்னால் மணிச்சத்தம் கேட்டது. அச்சடித்த விலைச்சீட்டுகளைக் கொடுக்க நான் அப்போது அங்கேதான் நின்றேன். இப்திகார் கதவைத் திறக்க எழும்பவில்லை. மிஸ் சைக்கிளைப் படியில் சாத்திவிட்டு உள்ளே வந்து, மெத்தைகளுக்கு நடுவே இருந்த கதிரையில் உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் துணியை மடிப்பது போல இப்திகார் பாவனை செய்தார். பிறகு கேட்டார்.

"பாதையைப் பத்திப் பேசினது சரி மிஸ். அது உங்கட பக்கம். ஆனா அன்னைக்கி ஏன் மழையில வழுக்கினதுன்னு சொன்னீங்க? ஊருக்கு முன்னுக்குத்தானா நான் அதக் கேக்கணும்?"

 மிஸ் முழங்கைத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடினார்.

"அந்த ஆள் அண்டைக்கு உங்களிட்ட மெத்தை வாங்கிக்கொண்டு நிண்டவர். நான் சொன்னா நீங்கள் அவரை ஏசுவியள். பிறகு அவர் உங்கட கடைக்கு வரமாட்டார். அதுதான் சொல்லேல்லை."

இப்திகார் மடித்த துணியைத் திரும்ப விரித்தார். எழும்பி உள்ளே போனார். வரும்போது கையில் பிளேன்டி இருந்தது.

அன்றைக்கு அவர்கள் நெடுநேரம் கதைத்தார்கள். மிஸ் அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டார். வாகனம் நிறுத்தும் இடம் முழுதாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று மிஸ் சொன்னார். அது இல்லாமல் தன்னால் கடை நடத்த முடியாது என்று இப்திகார் சொன்னார். கடைசியில் இரண்டு பேரும் வாசலுக்கு வந்து நின்று வீதியைப் பார்த்தார்கள். கூம்புகளுக்குள்ளே ஒரு பெண் இரண்டு கையிலும் சந்தைப் பையோடு நடந்து போனாள். இந்த இடத்தை நடக்கிறவர்களுக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்போம், சாமான் ஏற்றி இறக்க வேன் வந்து நிற்க இரண்டு இடம் மட்டும் ஒதுக்கச் சொல்லுவோம் என்றார் மிஸ். அப்படியென்றால் சைக்கிளுக்கு என்று இப்திகார் கேட்டார். அது பழையபடி ரோட்டில் போகும் என்றார் அவர்.

இந்த முறை மனுவில் கடைக்காரர்களோடு மிஸ்ஸின் கையெழுத்தும் இருந்தது. மிஸ் அதைப் பிரதி எடுக்க அச்சகத்தில் நின்றபோது மோகனராஜ் அங்கேயே தேடி வந்தார். குரல் உயர்த்தவில்லை; ஆனால் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷம் அலைஞ்சு வாங்கினது மிஸ். நீங்களே வேணாம்னு எழுதினா, இனி யாரு எங்களுக்கு ஒரு அடி ரோடு தருவாங்க?"

"தரமாட்டினம் தம்பி. அது எனக்கும் தெரியும்" என்றார் மிஸ். "நீங்கள் விடாமல் கேளுங்கோ. அடுத்த முறை நானும் வந்து கேக்கிறன். ஆனா இந்த இடத்தில மணி அடிச்சு அந்த ஆக்களை விலத்தச் சொல்ல என்னால ஏலாது."

மோகனராஜ் சமாதானமாகிப் போகவில்லை. இன்றைக்கும் வீதியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல மாதம் கழித்து வேலை நடந்தது. நடைபாதை அந்தப் பாதையின் அகலத்துக்கு விரிந்தது. வேன் நிற்க இரண்டு இடம் கேட்டதில் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் இப்திகாரின் கடைக்கு நேரே இல்லை, கொஞ்சம் தள்ளி. மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று அவர் நாள்தோறும் முறையிடுகிறார். சஞ்சீவனி தீபாவளி வியாபாரத்துக்கு முழுநாளாக வந்தாள். அதன்பிறகு அவளை அரைநாளுக்கு அனுப்பும் பேச்சு எழவில்லை. கடவை மேடாக உயர்த்தப்பட்டது. றஞ்சனா மிஸ் பழையபடி பஸ்களுக்கும் வேன்களுக்கும் நடுவே ஓடி வருகிறார். வேன் கதவுகளின் பக்கம் அவர் பார்க்கும் பார்வை மட்டும் இப்போது கூர்மையாக இருக்கிறது.

கடவை வந்தாலும் வாகனங்கள் நிற்கப் பழகவில்லை. மேட்டில் ஏறி இறங்கி, ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. போன வாரம் அச்சகத்துக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது பார்த்தேன். கடவையின் ஓரத்தில் ஒரு கூட்டம் தயங்கி நின்றது. ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக ஒரு வயதான அம்மா, அவருக்குப் பின்னால் பாடசாலைப் பிள்ளைகள், தலையில் பெட்டியோடு சுமை தூக்கும் நாட்டாமை ஒருவர். மிஸ் சைக்கிளிலிருந்து இறங்கினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் முன்சில்லை வெள்ளைக்கோட்டின் மேல் நீட்டி, சைக்கிளை வீதிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார். வந்துகொண்டிருந்த பஸ் முனகிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் வேன்கள் நின்றன. எதிர்ப்பக்கத்து முச்சக்கர வண்டியும் தயங்கி நின்றது. கூட்டம் கடந்தது. கடைசிப் பிள்ளை எங்கள் பக்கத்து நடைபாதையில் காலை வைக்கும்வரை ஹாண்டிலைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். பிறகு சில்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு, தான் கடக்காமல், இப்திகாரின் கடைப் பக்கத்திலேயே தன் அலுவலகத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்.